பன்னிரண்டாவது பெயர்

வயிற்றெரிச்சல் என்ற சொல்லை உண்டாக்கியவர் அதை அனுபவித்தவராகத்தான் இருக்க வேண்டும். என் தங்கைக்கு ஏதாவது நல்லது நடந்தால் எனக்கு முதலில் அங்கேதான் தெரியும். மனசுக்கு வந்து சேர அரைமணி நேரம் ஆகும். அதற்குள் நான் வாழ்த்துச் சொல்லி முடித்திருப்பேன்.

கணக்கெடுப்பு நாள் காலையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது அம்மா கூப்பிட்டாள்.

"பேப்பர் பாத்தியா? சின்னவ படம் போட்டிருக்கான். அவ காலேஜ்ல கெமிஸ்ட்ரி நூத்துக்கு நூறு பாஸாம். நாலாவது வருஷமா."

"பாத்தேம்மா."

"எங்க பாத்த? நீதான் பேப்பரே வாங்கறதில்லையே."

"பஸ் வந்துடுச்சு, வைக்கிறேன்."

பஸ் வரவில்லை. வந்தபோது பக்கத்து இருக்கைக்காரரின் மடியில் பேப்பர் இருந்தது. என் தங்கை வெள்ளைக் கோட்டுடன், கையில் குடுவையோடு சிரித்துக்கொண்டிருந்தாள். குடுவையில் நீலமாக என்னமோ இருந்தது. படத்துக்காக ஊற்றியது என்று பார்த்தவுடனே தெரிந்தது. அந்த நீலத்தில் எந்தச் சோதனையும் இல்லை. அது ஒரு சின்ன ஆறுதலாக இருந்தது எனக்கு.

நாங்கள் இருவருமே வேதியியல் ஆசிரியைகள். பள்ளி முடித்துப் பல்கலைக்கழகம் போவதற்கு நடுவில் பதினாறிலிருந்து பதினெட்டு வயதுப் பிள்ளைகள் படிக்கும் இரண்டு வருடக் கல்லூரிகள் எங்களுடையவை. அவளுடையது புதுச் சாலையில், முழுக்கக் கண்ணாடி. மழை நாளில்கூட உள்ளே வெயில் அடிப்பது போலிருக்கும். என்னுடையது பஸ் பணிமனைக்குப் பின்னால். ஆய்வுக்கூடத்தில் ஆறு மேசைகள், நான்கில் எரிவாயு வரும். மூன்றாவது தண்ணீர்க் குழாய் மூடிய பிறகும் சொட்டும், அதன் கீழே நான் ஒரு பஞ்சை வைத்திருக்கிறேன், சத்தம் கேட்காமல் இருக்க.

அந்தக் கண்ணாடிக் கல்லூரியில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று விளம்பரத்தை வெட்டி அவளுக்குக் கொடுத்தவள் நான். இருவருமே விண்ணப்பித்தோம். ஒரே நாளில், ஒரே வராண்டாவில், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அவள் உள்ளே போகும்போது அவள் காலரை நான்தான் சரி செய்து விட்டேன்.

இரண்டு கல்லூரிக்கும் பணம் தருவது அரசாங்கம். தலைக்கு இவ்வளவு என்று. ஆறாவது வாரத்து வியாழக்கிழமை பதினோரு மணிக்கு யார் யார் பெயர் பதிவில் இருக்கிறதோ, அவர்கள்தான் தலை. அதில் சில விதிகள் உண்டு. ஒரு பாடத்துக்குப் பன்னிரண்டு பேர் இல்லையென்றால் அடுத்த வருடம் அந்தப் பாடம் கிடையாது. ஒரே பெயர் இரண்டு கல்லூரியில் இருந்தால் இரண்டிலும் அடித்துவிடுவார்கள். அப்புறம், அந்த வியாழனுக்கு முன்னால் போய்விட்ட பிள்ளை வந்ததே இல்லை என்று அர்த்தம். அதற்குப் பின்னால் போனால் தோற்றவர் கணக்கில் சேர்ந்து கல்லூரியின் தேர்ச்சி விகிதத்தை இறக்கும். அதனால் ஐந்தாவது வாரத்தில் எல்லாக் கல்லூரிகளிலும் ஆசிரியர்கள் திடீரென்று பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பிப்பார்கள். "உனக்கு இது சரிப்படுமா, யோசிச்சியா?" என்று அன்பாகக் கேட்பார்கள்.

என்னிடம் பதினோரு பேர் இருந்தார்கள். பன்னிரண்டாவது ஆள், பத்து நாளுக்கு முன் மாமாவின் போன் ரிப்பேர் கடைக்குப் போய்விட்டான். அடுத்த நாளே முதல்வர் என் ஆய்வுக்கூடத்துக்குள் ஒரு டேப்போடு வந்தார்.

"சும்மா அளந்து பாக்கறேன் மேடம். உடற்பயிற்சிக் கூடம் வேணும்னு பிள்ளைங்க கேட்டுட்டே இருக்காங்க."

"என்னை எங்க போடுவீங்க சார்?"

"அழகுக்கலைப் பிரிவுல சுகாதாரம் ஒரு பேப்பர் இருக்கே." டேப்பின் முனையை என்னிடமே நீட்டினார். "கொஞ்சம் அந்தப் பக்கம் பிடிங்க."

பிடித்தேன். பத்தொன்பது வருடம் வேதியியல் சொல்லிக் கொடுத்துவிட்டு இனி கை கழுவச் சொல்லித் தர வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பிடித்தேன்.

அந்தக் கணக்கெடுப்பு வியாழக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கும்போது தங்கையிடமிருந்து செய்தி வந்தது. "அக்கா, ஒரு பொண்ணை அனுப்பறேன். சேத்துக்கோ." அவ்வளவுதான்.

ஆய்வுக்கூட வாசலில் அந்தப் பெண் நின்றிருந்தாள். ஒல்லியாக, பையை முதுகில் போடாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. கையில் மாற்றுக் கடிதம். கீழே சின்னவளின் கையெழுத்து, எழுத்துப் பயிற்சிப் புத்தகத்திலிருந்து எடுத்தது மாதிரி. கூடவே முதல் தேர்வின் விடைத்தாள். முப்பத்தொன்று.

"ஏன் அங்கிருந்து வந்துட்ட?"

"மிஸ் சொன்னாங்க."

"என்ன சொன்னாங்க?"

"இங்க வேகம் உனக்கு ஒத்துவரலை, எங்க அக்காகிட்ட போ, அவங்க ரொம்பப் பொறுமையா சொல்லித் தருவாங்கன்னாங்க."

பொறுமை. கெட்டிக்காரி என்று சொல்ல முடியாதவர்களை அப்படித்தான் சொல்வார்கள்.

"வெளிய பெஞ்ச்ல உக்காரு" என்றேன். ஆய்வுக்கூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டுத் தங்கையைக் கூப்பிட்டேன்.

"என்னக்கா, வந்துட்டாளா?"

"உன் குப்பையைக் கொட்ட என் வீட்டு வாசல்தான் கிடைச்சுதா?"

"அந்தப் பொண்ணா குப்பை?"

"முப்பத்தொண்ணை இன்னைக்குக் கழட்டி விட்டா அடுத்த வருஷமும் பேப்பர்ல படம். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

"தெரியும்ல? அப்ப உனக்குப் பன்னண்டு வேணும்னும் தெரியும்ல?"

"நான் உன்கிட்ட கேட்டேனா?"

"நீ என்னைக்குக் கேட்டிருக்க? அம்மா சொன்னா."

அம்மாவை அந்த நிமிடம் நான் மன்னிக்கவில்லை. "சரி, நேரா சொல்லு. இது எனக்காகவா, உனக்காகவா?"

"ரெண்டும்தான்க்கா. உனக்கு ஒண்ணு குறையுது, எனக்கு ஒண்ணு இடிக்குது. ரெண்டும் சேந்து இருக்கக் கூடாதா?" பின்னால் மணி அடித்தது. எங்கள் மணி மாதிரி தகரத்தில் அடிக்கிற சத்தம் இல்லை, மூன்று சுரத்தில் ஒரு இசை. "எனக்குத் தொண்ணூத்தாறு பேருக்கா. பாதிப் பேரோட முகமே தெரியாது. உனக்குப் பதினொண்ணுதான். கொடுத்து வெச்சவ நீ. வைக்கவா?"

என் இல்லாமையையும் அவள் விட்டுவைக்கவில்லை. அதிலும் ஓர் அதிர்ஷ்டத்தைக் கண்டுபிடித்து, அதற்கும் ஆசைப்பட்டுவிட்டுப் போனாள்.

முதல் பாடவேளை முழுவதும் பதினோரு பேருக்கு அமிலம், காரம் என்று பேசிக்கொண்டிருந்தேன். கதவில் ஒரு சாண் அகலக் கண்ணாடி. அதன் வழியே அந்தப் பெண்ணின் தலை வகிடு மட்டும் தெரிந்தது. என் மனதில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது, இதை எழுதவே கை கூசுகிறது. நான் சேர்க்காவிட்டால் அவள் திரும்பிப் போவாள். பதினோரு மணிக்கு அவள் பெயர் கண்ணாடிக் கல்லூரியின் பதிவில் இருக்கும். முப்பத்தொன்று வாங்குகிறவள் கடைசித் தேர்வில் தோற்பாள், இல்லையென்றால் நடுவில் நின்றுவிடுவாள். நூறு தொண்ணூற்றொன்பதாகும். தொண்ணூற்றொன்பதுக்கு யாரும் படம் போட மாட்டார்கள். என் பாடம் போகும், ஆய்வுக்கூடம் போகும், போகட்டும். எதிரிக்குச் சகுனத் தடை என்று மூக்கை அறுத்துக்கொண்டவனைப் பற்றிச் சிறு வயதில் கேட்டுச் சிரித்திருக்கிறேன். அவன் கத்தியை எடுக்கும்போது அவனுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

பத்து இருபதுக்குப் பதிவு எழுத்தர் கதவைத் தள்ளினார். காதில் எப்போதும் பென்சில் செருகியிருப்பதால் பிள்ளைகள் அவருக்குப் பென்சில் என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

"டீச்சர், வெளிய உக்காந்திருக்கே, அந்தப் பொண்ணு யாரு?"

"புதுச் சாலைக் காலேஜ். திரும்பிப் போயிடுவா."

"எங்க போவா? நேத்து சாயங்காலமே அங்க பேரை எடுத்துட்டாங்க. இப்பத்தான் கம்ப்யூட்டர்ல பாத்துட்டு வரேன். இந்த நிமிஷம் அது எந்த காலேஜ்லயும் இல்ல."

"நேத்தா?"

"நேத்து நாலரைக்கு. பதினோரு மணிக்கு நான் பட்டனை அமுக்கிடுவேன் டீச்சர். அப்புறம் யாரு அழுதாலும் ஆகாது, அதுக்கு ஒரு வருஷம் போச்சு."

நேற்று நாலரைக்கு. எனக்குச் செய்தியே இன்று காலைதான் வந்தது. என்னைக் கேட்காமல், நான் சரி என்று சொல்லும் முன்பே, அவள் அந்தப் பெயரை எடுத்துவிட்டிருந்தாள். அக்கா சேர்த்துக்கொள்வாள் என்பதில் அவளுக்கு இம்மியும் சந்தேகம் இருந்திருக்கவில்லை. இரட்டைப் பதிவாகி எனக்கு இழப்பு வந்துவிடக் கூடாது என்றுகூட எடுத்திருக்கலாம். அவ்வளவு நம்பிக்கையை என்னிடம் வைத்திருக்கிறாளே என்று உருகவில்லை நான். என்னைப் பற்றி எனக்கே இல்லாத நிச்சயம் அவளுக்கு எப்படி இருக்கிறது என்றுதான் எரிந்தது.

வெளியே போனேன். பெண் எழுந்து நின்றாள். ஒன்றரை மணி நேரமாக அணைத்தபடியே இருந்த பை, சட்டையில் கசங்கல் போட்டிருந்தது.

"நான் கிளம்பட்டுமா மிஸ்?"

நான் மூக்கை அறுத்துக்கொள்ள எடுத்த கத்தி இவள் கழுத்தருகில் இருந்திருக்கிறது. அவளுக்கு அது தெரியவே தெரியாது. காலையில் அம்மா கட்டிக்கொடுத்த சாப்பாட்டோடு ஒரு கல்லூரிக்கு வந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பற? உள்ள வா" என்றேன். பென்சில் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். பத்து நாற்பதுக்கு அவள் பெயர் என் பதிவில் ஏறியது. பன்னிரண்டு. முதல்வர் வராண்டாவில் எதிர்ப்பட்டபோது, "டேப்பை உள்ள வெச்சுடுங்க சார்" என்றேன். அவர் சிரித்தார். பிறகு சிரிக்க வேண்டுமா என்று யோசித்தவர் மாதிரி நிறுத்திக்கொண்டார்.

மதியம் செய்முறை வகுப்பு. காரத்தைக் கொண்டு அமிலத்தின் அளவைக் கண்டுபிடிக்க வேண்டும். மேலே பியூரெட் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகக் காரம் விழும், கீழே குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரே ஒரு சொட்டில் திரவம் வெளிர் ரோஜா நிறமாகும். அதற்கு அடுத்த சொட்டு விழுந்தால் எல்லாம் வீண். என் பதினோரு பேரும் அந்த அடுத்த சொட்டை விட்டுவிட்டு அசட்டுச் சிரிப்புச் சிரிப்பவர்கள். புதுப் பெண் கடைசி மேசையில் நின்றாள். நிறம் மாறப்போகும் நேரம் மூச்சை இழுத்து, கன்னம் இரண்டையும் உப்பிக்கொண்டு, அப்படியே நிறுத்தினாள். கை ஆடவில்லை. சரியான சொட்டில் குழாயை மூடினாள். பிறகு புஸ்ஸென்று மூச்சை விட்டாள்.

அவள் மேசைக்குப் போனேன்.

"இதை யார் சொல்லிக் கொடுத்தா?"

"எங்க மிஸ். மூச்சை அடக்கினா கை நடுங்காதுன்னு. அவங்களே கண்டுபிடிச்சதாம்."

அப்போது எனக்குப் பதினேழு வயது, தங்கைக்குப் பதினான்கு. அவள் அறிவியலில் தோற்றுவிட்டு அழுதுகொண்டிருந்தாள். சமையலறைத் தொட்டியின் முன் நிற்கவைத்து, மருந்துச் சொட்டுக் குப்பியைக் கையில் கொடுத்து, கன்னத்தை உப்பிக்காட்டி, "இப்படி இரு, கை ஆடாது" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். தொட்டி முழுக்கச் சொட்டு. அவள் மறந்திருக்கலாம். தானே கண்டுபிடித்ததாக நிஜமாகவே நம்பிக்கொண்டிருக்கலாம். அதைச் சொல்லிக்காட்ட வாய்வரை வந்தது. ஒரு பதினாறு வயதுப் பெண்ணிடம் போய், "அது என்னுடையது" என்று எப்படிச் சொல்வது?

அன்றிலிருந்து தினமும் வகுப்பு முடிந்தபின் அவளை ஒரு மணி நேரம் உட்காரவைத்தேன். துப்புரவுப் பணி செய்யும் அம்மா வாளியோடு வந்து, "போதும் டீச்சர், பாவம் பொண்ணு, காலைத் தூக்குங்க ரெண்டு பேரும்" என்று துடைக்க ஆரம்பிக்கும்வரை. சமன்பாடு அவளுக்குக் கசந்தது. எண்களைப் பார்த்தாலே கண்ணை மூடிக்கொள்வாள். பலகையில் எழுதினால் புரியவில்லை, கையில் குடுவையைக் கொடுத்துவிட்டுக் கேட்டால் பதில் வந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. தொண்ணூற்றாறு பேரை வைத்துக்கொண்டு அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. நாற்பத்து நான்கு. ஐம்பத்தெட்டு. எழுபது.

அந்தப் பெண் அதை அன்பு என்று நினைத்தாள். ஒருநாள் தன் காசில் எனக்கு ஒரு சிவப்புப் பேனா வாங்கி வந்தாள். அந்தப் பேனாவால் அவள் தாளைத் திருத்தும்போதெல்லாம் நான் மனதுக்குள் வேறொருத்திக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தேன். நீ கழட்டி விட்டதைப் பார், என்ன செய்து காட்டுகிறேன் பார் என்று. சில நாள் பாதிப் பாடத்தில் அது மறந்துபோகும். அவள் முகத்தில் ஒரு விஷயம் விளங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிடுவேன். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் மறுபடி நினைவு வரும். அதில் எது உண்மை என்று என்னையே கேட்டால், ரெண்டும்தான்க்கா என்று சின்னவளின் குரலில் பதில் வந்தது.

வருடக் கடைசித் தேர்வில் எண்பத்து மூன்று. தாளை நீட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடமிருந்து எனக்கு ஒரே ஒரு வாக்கியம் வேண்டியிருந்தது. கேட்டு வாங்கக் கூடாத வாக்கியம். மூன்றாவது குழாயின் சொட்டு பஞ்சில் விழுந்துகொண்டிருந்தது.

"ஒண்ணு சொல்லவா மிஸ்? தப்பா நினைக்கக் கூடாது."

"சொல்லு."

"நீங்க அப்படியே அவங்கள மாதிரியே சொல்லித் தர்றீங்க மிஸ்."

சந்தோஷமாகச் சொன்னாள். தன்னிடம் இருந்ததிலேயே பெரிய பாராட்டை எடுத்துக் கொடுத்துவிட்ட முகம். எனக்கு வயிற்றில் அந்தப் பழைய இடம் சுருக்கென்றது. அரைமணி நேரம் காத்திருக்கவில்லை, உடனே வாயைத் திறந்தேன். அப்புறம் ஒன்றும் சொல்லாமல், கன்னத்தை உப்பி, மூச்சை அடக்கிக்கொண்டேன்.

அவள் சிரித்துவிட்டாள்.

"சரி சரி" என்றேன், மூச்சை விட்டு. "பியூரெட்டைக் கழுவி வெச்சுட்டுப் போ. நாளைக்கு அடுத்த பாடம்."