நல்ல சுகம் என்று எழுதியவர்

கடிதத்தை ஸாலிஹா மூன்று தரம் படித்தாள். அரசாங்கக் கந்தோர்க்காரர் எழுதும் தமிழ் முதல் தரத்திலேயே விளங்கிவிட்டது. ஆனால் அதை நம்புவதற்கு மூன்று தரம் வேண்டியிருந்தது.

"கள விஜயத்தின்போது விண்ணப்பதாரி நல்ல தேகசுகத்துடன் காணப்பட்டார். குறை எதுவும் தெரிவிக்கவில்லை. ஆகவே மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவுக்கான விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது."

நல்ல தேகசுகமாம்! அறைக்குள் படுத்திருந்த அவளுடைய புருஷன் பஹ்மிக்கு இடுப்புக்குக் கீழே நெருப்புப் பட்டாலும் தெரியாது. துறைமுகத்தடியில் நாட்டாமைக் கூலியாக மூட்டை சுமந்தவர். இரண்டு வருஷத்துக்கு முன் லொறியில் அடுக்கிய கோதுமை மா மூட்டைகள் சரிந்து முதுகில் விழுந்ததோடு கால்கள் இரண்டும் உணர்விழந்து போயின. இப்போது முதுகில் படுக்கைப் புண் வேறு. பேம்பர்ஸ் வாங்க வழியில்லாமல் ஸாலிஹா பழைய சாரங்களைக் கிழித்துக் கட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கொடுப்பனவு வந்தால்தான் புண்ணுக்கு ஒழுங்காக மருந்து கட்டலாம்.

கடிதத்தைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு நிஷாந்தினியிடம் போனாள். கந்தோருக்கு எதிரே போட்டோக்கொப்பிக் கடை வைத்திருப்பவள் நிஷாந்தினி. முதல் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததும் அவள்தான், அதற்கு ஒரு சதமும் வாங்காமல்.

"அக்கா, அந்த உத்தியோகத்தர் வந்த அண்டைக்கு என்ன நடந்தது? ஒண்டும் விடாமல் சொல்லுங்கோ."

ஸாலிஹா சொன்னாள். உத்தியோகத்தர் நஸ்ரி வருகிறார் என்றதும் வீட்டைக் கூட்டிக் கழுவினாள். பஹ்மியைத் துடைத்து, சவரம் செய்து, வெள்ளைச் சேர்ட்டும் புதுச் சாரமும் உடுத்தி, அத்தர் பூசிக் கதிரையில் இருத்தினாள். சரிந்து விழாமல் இருக்கத் துணியால் நெஞ்சைக் கதிரையோடு சேர்த்துக் கட்டி, கட்டுத் தெரியாமல் முன்னுக்கு ஒரு சால்வையும் முதுகுப் பக்கம் ஒரு தலையணையும் வைத்து மறைத்தாள். நஸ்ரி வந்து "எப்பிடி சுகம்?" என்று கேட்டார். "அல்ஹம்துலில்லாஹ், நல்ல சுகம்" என்றார் பஹ்மி. "குறை ஏதும்?" "அல்லாஹ்ட காவல், ஒரு குறையும் இல்ல." நஸ்ரி தேத்தண்ணியைக் குடித்தார், தொதல் இனிப்பையும் சாப்பிட்டார், எழுதிக்கொண்டு போனார்.

நிஷாந்தினி தலையில் கைவைத்தாள். "ஏன் அக்கா அப்பிடிச் செய்தனீங்கள்?"

"ஊட்டுக்கு ஆள் வந்தா ஊத்தையோடயா காட்டுற? சுகமா எண்டு கேட்டா அல்லாஹ்வப் புகழாம முறைப்பாடா சொல்ற?"

"அது உங்கட ஆக்கள் எல்லாரும் சொல்லுறது. வெளியில இருக்கிற எனக்கே தெரியும். அவருக்குத் தெரியாதோ?"

அதுவரை ஸாலிஹா தன்னைத்தான் நொந்துகொண்டிருந்தாள். அந்தக் கேள்வியில் உச்சி வரை ஏறியது கோபம். தெரியாதா என்ன? பஹ்மியோடு ஒரே பள்ளிவாசலில், ஒரே ஸஃப் வரிசையில் நின்று ஜும்ஆ தொழுத மனுஷன்! பெரிய டொக்டர் கையெழுத்து வைத்த சான்றிதழ் விண்ணப்பக் கோவைக்குள் கிடந்தது. அதைப் புரட்டச் சோம்பலில் பஞ்சிப்பட்டு, ஒரு மரியாதை வார்த்தையைப் பிடித்து ஒரு குடும்பத்தின் வாயில் மண்ணைப் போட்டிருக்கிறார்.

நிஷாந்தினி மேன்முறையீட்டை எழுதி, சான்றிதழின் பிரதியை மேலே வைத்து ஸ்டேப்ளரால் அடித்தாள். கடையைப் பூட்டிவிட்டுத் தானும் கூட வந்தாள்.

கந்தோரில் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். மேசைக்குப் பின்னால் நஸ்ரி. இடது கையில் மாக்கட்டுப் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அதைக் கண்டதும் ஸாலிஹாவுக்கு என்ன கேட்பதென்று தெரிந்துவிட்டது.

"சேர், எப்பிடி சுகம்?"

"அல்ஹம்துலில்லாஹ், நல்ல சுகம்" என்றார் நஸ்ரி, தலையை நிமிர்த்தாமலே.

"கையில என்ன?"

"பைக் சறுக்கி எலும்பு உடைஞ்சிட்டு. நாளையில இருந்து மெடிக்கல் லீவு."

"உங்களுக்கு எப்பிடி லீவு தருவாங்க? நல்ல சுகம் எண்டு இப்ப உங்கட வாயாலதானே சொன்னீங்க. இவ்வளவு பேரும் சாட்சி."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். நஸ்ரியின் முகம் கறுத்தது. "அது சும்மா, கேட்டா எல்லாரும் சொல்றதுதானே."

"ஓம், எல்லாரும் சொல்றதுதான். எங்கட கதிரையில இருந்து தொதல் திங்கக்குள்ள மட்டும் அது மறந்து போச்சோ? டொக்டர்ர கடிதத்தப் புரட்ட அண்டைக்கு உங்கட கை உடையல்லையே!"

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. நஸ்ரி மேன்முறையீட்டை வாங்கி, சான்றிதழை முதல் தடவையாக வாசித்தார்.

"பின்னேரம் வந்து பாக்கிறன்" என்றார்.

பின்னேரத்துக்கு முன் வீட்டில் இன்னொரு சண்டை நடந்தது. கட்டிலில் கிடந்தபடியே பார்க்கட்டும் என்றாள் ஸாலிஹா. பஹ்மி ஒப்பவில்லை. "கந்தோர் ஆள் வாறார். என்னப் பிச்சக்காரன் மாதிரிப் போட்டு வைக்காத" என்றார். அவர் குரல் உடைந்ததைக் கேட்டு அவள் வெள்ளைச் சேர்ட்டை எடுத்தாள். பழையபடி கதிரை, துணிக்கட்டு, சால்வை, தலையணை.

நிஷாந்தினியும் வந்திருந்தாள். நஸ்ரி உள்ளே வந்து, பழக்கதோஷத்தில் அதையே கேட்டார். பஹ்மியும் அதையே சொன்னார். "அல்ஹம்துலில்லாஹ், நல்ல சுகம்."

ஸாலிஹா கதிரைக்குப் பின்னால் போய்த் தலையணையை இழுத்து எறிந்தாள். முன்னால் கிடந்த சால்வையையும் எடுத்தாள்.

"சேர், இஞ்சால வாங்க. இந்த முடிச்ச அவிழ்க்க உங்களுக்கு ஒரு கை போதும். அவிழ்த்துப் போட்டு, இவர் எவ்வளவு நேரம் நல்ல சுகமா இருக்கிறார் எண்டு பாருங்க."

நஸ்ரி துணியைப் பார்த்தார். கதிரைச் சட்டங்களுக்கிடையே சேர்ட்டின் முதுகில் புண்ணின் ஈரம் ஊறியிருந்ததையும் பார்த்தார். முடிச்சில் கை வைக்கவில்லை. பஹ்மி நிலத்தைப் பார்த்தபடி இருந்தார், காதுவரை சிவந்துபோய். உரிமையாகக் கிடைக்க வேண்டியதை வாங்க, கட்டிய புருஷனை ஊரான் முன்னால் இப்படி உரித்துக் காட்ட வேண்டியிருக்கிறதே!

நஸ்ரி கோவையைத் திறந்து பேனையை எடுத்தார். "பஹ்மி நானா, வேற என்ன குறை..."

"அவரிட்டக் கேக்காதீங்க தம்பி" என்றாள் ஸாலிஹா. "மூச்சு நிண்டு மௌத்தாகுமட்டும் அவர் நல்ல சுகம் எண்டுதான் சொல்லுவார். நீங்க கண்டத எழுதுங்க."