நான்கு வீட்டுக்கு ஒரு மனை

அண்ணி அந்தப் பழைய வீட்டின் பின்படியில் இறங்குவதைப் பார்த்தால் யாருக்கும் ஓடிப்போய்க் கையைப் பிடிக்கத் தோன்றும். மூன்றே படிகள்தான். ஆனால் குளியலறை அதற்கு அப்பால் இருந்தது. இரண்டு முழங்காலும் தேய்ந்துபோன அண்ணி ஒரு கையால் சுவரைப் பிடித்து, மறுகையால் கைத்தடியை ஊன்றி, பக்கவாட்டில் இறங்குவார். "சும்மா வேடிக்கை பாக்கக்கூடாது, டிக்கெட் எடுக்கணும்" என்பார். பஸ் கண்டக்டர் பெண்டாட்டி அல்லவா.

அண்ணன் ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகியிருந்தது. அவருடைய ஒரே தங்கை ஆர்க்கிடெக்ட். கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் வாடகை வீட்டில் தனியாக இருந்தாள். நகராட்சி விதிப்படி ஒரு மனையில் இரண்டு வீடுகள்தான் கட்டலாம். பழையதை இடித்துவிட்டு இரண்டு கட்டுவதென்று முடிவாகி, தங்கை வரைபடமும் போட்டுவிட்டாள். மேல்வீடு தனக்கு, கீழ்வீடு அண்ணன் அண்ணிக்கு. வாசலில் படியே கிடையாது, சரிவுப் பாதை. படுக்கையறையை ஒட்டியே குளியலறை.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. விதி மாறப்போகிறது, இனி ஒரு மனையில் நான்கு வீடுகள். அண்ணனின் மகள்கள் இருவரும் ஊரின் இரண்டு மூலைகளில் குடித்தனம் இருந்தார்கள். தங்கைக்குக் கை பரபரத்தது.

"நாலு வீடுன்னா எல்லாரும் ஒண்ணா இருக்கலாம்ணே. ஆறு மாசம் பொறுங்க."

அண்ணன் தாடையைச் சொறிந்தார். அண்ணிதான் சொன்னார்: "பொண்ணுங்களும் வருவாங்கன்னா பொறுக்கலாமே. அதுக்குள்ள என் முட்டி எங்க ஓடிடப் போகுது?"

ஆறு மாதம் பதினான்கு மாதமாயிற்று. வந்த விதியும் ஒரு கொக்கியோடு வந்தது. வீட்டுக்கு ஒரு கார் நிறுத்த இடம் விட வேண்டும். நான்கு கார்களையும் மனையில் போட்டுப் பார்த்தால், அண்ணியின் வீட்டில் பாதியை அவை தின்றுவிட்டன. அண்ணி வரைபடத்தில் விரலை வைத்தார்.

"நம்மகிட்ட ஒரு சைக்கிள்கூட இல்ல. இந்தக் காரெல்லாம் யாரோடது, இஞ்சினியரம்மா?"

"நகராட்சியோடது அண்ணி."

மூவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். மறுபடி பொறுத்தார்கள். கார் நிபந்தனை போயிற்று, பதிலுக்குப் பின்புறம் விட வேண்டிய இடத்தைக் கூட்டினார்கள். மாடிப்படியை வெளியே தள்ளி, சமையலறையைத் திருப்பிப் போட்டு, தங்கை ஐந்தாவது முறையாக வரைந்தாள். அவள் வாழ்நாளில் போட்டதிலேயே அழகான வரைபடம் அது. பொறுத்தது வீண்போகவில்லை என்று உள்ளுக்குள் கொஞ்சம் கர்வப்பட்டாள்கூட.

விண்ணப்பம் கொடுத்த மூன்றாவது வாரம், மழை விட்ட ஒரு காலையில், அண்ணி பின்படியில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை நல்லபடியாகத்தான் நடந்தது. ஆனால் படுத்த படுக்கையில் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. "அனுமதி வந்துச்சா?" என்று தினமும் கேட்பார். "இன்னைக்கு வந்துடும் அண்ணி" என்று தங்கையும் தினமும் சொன்னாள். பதினெட்டாம் நாள் அண்ணி போய்விட்டார்.

அனுமதி அதற்கப்புறம் ஒன்றரை மாதம் கழித்து வந்தது. தங்கை போனபோது அண்ணன் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அனுமதி வந்திருச்சு."

அவர் குழாயை மூடினார். "ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. ரெண்டு வீடு போதும்னு அன்னைக்கே ஆரம்பிச்சிருந்தா, எப்ப முடிஞ்சிருக்கும்?"

ஆள் கிடைக்காமல் இழுத்திருக்கும், நடுவில் நின்றிருக்கும் என்று ஆயிரம் சமாதானம் அவள் நாக்கு நுனிவரை வந்தது.

"போன வருஷம் மழைக்கு முன்னாடியே குடி வந்திருக்கலாம்ணே. நான்தான் பொறுக்கச் சொன்னேன்."

"ஆமா. நீதான் சொன்ன."

அண்ணன் கையிலிருந்த தட்டைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "நானும் தலையாட்டினேன். அவளும் ஆட்டினா. விழுந்தது அவ மட்டும்தான்" என்றார்.

அவள் அடக்க மாட்டாமல் அழுதாள். அண்ணன் கிட்டே வரவில்லை. ஈரப் பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினார். பத்து நாள் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. "கட்டு. எதையும் மாத்த வேண்டாம்."

கட்டினாள். மகள்கள் இருவரும் இரண்டு வீடுகளில் குடிவந்தார்கள், மேலே பின்பக்கத்து வீடு அவளுக்கு. சரிவுப் பாதை வைத்த கீழ்வீட்டில் அண்ணன் ஒண்டியாக இருந்தார். நகராட்சியிலிருந்து வந்த அதிகாரி சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். "புது விதிக்கு நல்ல உதாரணம் மேடம் இது, எல்லாருக்கும் காட்டலாம்" என்றார். அவள் தலையாட்டினாள்.

மாதக்கணக்கில் அண்ணன் அவளோடு தேவைக்கு மட்டும்தான் பேசினார். அவரும் கூப்பிடவில்லை, அவளும் உள்ளே போகவில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அவர் கதவை ஓசைப்படாமல் தாண்டிப் போவாள். ஒருநாள் கதவு திறந்தது.

"எதுக்குத் திருடி மாதிரி பதுங்கிப் போற? உள்ள வா."

தட்டு வைத்து, சோற்றைப் போட்டார்.

"கோவம் போயிடுச்சான்னு கேக்காத. போகல. போகுமான்னும் தெரியல. அதுக்காக நீ வெறும் வயித்தோட வேலைக்குப் போகணும்னு இல்ல."

அவள் உட்கார்ந்தாள். சோறு குழைந்துபோயிருந்தது, குழம்பில் உப்பே இல்லை. தலை நிமிராமல் முழுவதையும் சாப்பிட்டாள்.