பேபிக்கு ஜீரணமாக வேண்டும்

எலி வாலின் கடைசி அங்குலமும் பாம்பின் வாய்க்குள் போய் மறைந்த அதே நொடியில் வீட்டில் மின்சாரம் போயிற்று. வெளியே விடியற்காலையிலிருந்து உறைமழை. பைன் மரக்கிளைகள் பனிக்கட்டியின் பாரம் தாங்காமல் பீரங்கி வெடிப்பதுபோல் முறிந்துகொண்டிருந்தன. அதில் ஒன்று கம்பிமேல் விழுந்திருக்க வேண்டும். “ஐயோ, பேபி!” என்று ஹார்லன் போட்ட கூச்சலில் ஜார்ஜியா மாநிலத்துப் பாதி நாய்கள் எழுந்து உட்கார்ந்திருக்கும்.

சமையலறையில் நின்ற அவன் மனைவி வெர்லீனுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சிவரை பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவளை அவன் ஒருதடவைகூட பேபி என்று கூப்பிட்டதில்லை. அந்தப் பட்டம், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வாரம் ஊர்வனச் சந்தையிலிருந்து அவன் தோளில் போட்டுக்கொண்டு வந்த ஆரஞ்சு நிறச் சோளப்பாம்புக்குத்தான். அதற்குக் கூடத்தில் சவப்பெட்டி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. ஒரு முனையின் அடியில் மின்சாரச் சூட்டுப் பாய். பாரன்ஹீட் கணக்கில் எண்பத்தைந்து டிகிரி, ஒன்று ஏறக்கூடாது, ஒன்று இறங்கக்கூடாது. மறுமுனை குளிர்ச்சி. சாப்பிட்டால் மகாராணி சூட்டு முனைக்குப் போய்ச் சுருண்டுகொள்வாள். அலுத்தால் குளிர் முனைக்கு நகர்வாள். ஏன் என்று கேட்பார் கிடையாது. வெர்லீனுக்கோ இந்த வீட்டில் ஒரே முனைதான். அது வட துருவம். வீட்டைச் சூடாக்கும் கருவியின் திருகை அறுபத்திரண்டில் வைத்து, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பெட்டி மாட்டிப் பூட்டி, சாவியை இடுப்பு பெல்ட்டில் தொங்கவிட்டிருந்தான் ஹார்லன். அவனுக்கு வேர்க்குமாம். அவள் தேவாலயத்துக்குப் போகும்போது கழற்றிய கையுறையை வீட்டுக்கு வந்து மாட்டிக்கொள்கிறாள் என்று ஊரே சொல்லிச் சிரித்தது.

ஹார்லன் சமையலறைக்கு ஓடிவந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

“கண்ணு, உன் சுடுதண்ணிப் பையைக் கொஞ்சம் கொடேன்.”

“எதுக்கு?”

“எலி இப்பத்தானே உள்ள போயிருக்கு. வயித்துல சூடு இல்லேன்னா செரிக்காது. உள்ளயே அழுகி ஊதிடும். கக்கிடுவா. போன மாசம் ஒருவாட்டி கக்கினா, தெரியுமில்ல? இன்னொருவாட்டின்னா தாங்கமாட்டா. செத்துருவா, வெர்லீன்.”

“நேத்து ராத்திரி நான் தின்ன சோள ரொட்டி இன்னும் இங்கயே குந்தியிருக்கு,” என்று அவள் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். “அதுக்கு யாரு பாய் விரிச்சா? குளுருதுன்னு சொன்னா ஸ்வெட்டர் போடுன்னு சொன்ன. போ, அவளுக்கு ஒண்ணு பின்னிப் போடு.”

“அது வாயில்லா ஜீவன்டீ.”

“எனக்கு வாய் இருந்து என்னத்தக் கண்டேன்?”

ஹார்லன் திரும்பிப்போய்த் தொட்டிக்கு முன்னால் மண்டியிட்டு, சட்டையைக் கழற்றிக் கண்ணாடியைச் சுற்றிப் போர்த்தினான். பாம்பு, வயிற்று நடுவில் ஒரு கோழிமுட்டைப் புடைப்போடு, எப்போதும் சூடாக இருக்கும் முனையில் உடம்பை அழுத்திக்கொண்டு கிடந்தது. பாய் ஆறிப்போனது அதற்குத் தெரியவில்லை. இன்னும் நெருக்கமாக ஒட்டினால் சூடு வந்துவிடும் என்று நம்பியதுபோல் ஒட்டிக்கொண்டது. வெர்லீன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த ஒட்டுதல் அவளுக்குத் தெரியும். படுக்கையில் எத்தனை ஜனவரிகள் அப்படிக் கிடந்திருக்கிறாள்! பாம்பின்மேல் இருந்த கோபம் எங்கேயோ போயிற்று. போன கோபமெல்லாம் வட்டியோடு ஹார்லன் பக்கம் சேர்ந்தது.

“வண்டிச் சாவியை எடு,” என்றாள்.

இருவருமாகப் பாம்பைத் துணி விரித்த, மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் தொட்டி ஒன்றுக்குள் குலுங்காமல் மாற்றினார்கள். சாப்பிட்ட பாம்பை அலைக்கழிக்கக் கூடாது. ஆனால் சாகவிடவும் கூடாது. வாசலில் திறந்தவெளியில் நின்ற பிக்கப் வண்டியில், ஓட்டுநர் இருக்கையில் அவள் ஏறிக்கொண்டாள். தொட்டி நடுவில், அந்தப் பக்கம் ஹார்லன். எஞ்சினை முடுக்கி, வண்டியின் சூட்டுக் குமிழைத் திருப்பினாள். குமிழ் எவ்வளவு தூரம் போகும் என்று அவள் அன்றுதான் கண்டுபிடித்தாள். காற்று முதலில் பல்லைக் கிட்டவைத்தது, பிறகு இளகியது, பிறகு ஜூலை மாதம்போல வீசியது. அவளுடைய விரல்கள் ஒவ்வொன்றாக உயிர்த்தன. நெஞ்சில் குந்தியிருந்தது மெல்ல இறங்கிற்று. வாய்விட்டு ஓர் ஏப்பம் வந்தது; அவள் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஹார்லன் நெற்றியைத் துடைத்தான். தொப்பியைக் கழற்றினான். பனியன் முதுகோடு ஒட்டியது.

“கொஞ்சம் குறைக்கலாமா?”

“குறைச்சா பேபிக்கு ஜீரணம் ஆகாதே.”

“எனக்கு மூச்சு முட்டுது, வெர்லீன்.”

“கதவு உன் பக்கத்துலதான இருக்கு.”

அவன் இறங்கினான். வேர்த்த உடம்போடு பனிக்கட்டித் தரையில் நின்றான். முதலில் சுகமாக இருந்திருக்க வேண்டும். கைகளை விரித்து ஒரு பெருமூச்சு விட்டான். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டான். பிறகு காலை மாற்றி மாற்றி வைத்தான். காது இரண்டும் சுட்ட மிளகாய் நிறத்துக்கு வந்தன. தொட்டிக்குள் பாம்பு ஒரு சுற்றை அவிழ்த்து, சூட்டுக் காற்றிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போய், தனக்கு வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொண்டது.

ஹார்லன் கதவுப் பிடியை இழுத்தான்; உள்ளே பூட்டியிருந்தது. வண்டிக் கண்ணாடியைத் தட்டினான். உள்ளே இரண்டு மூச்சின் ஆவியில் கண்ணாடி மங்கிக்கொண்டே வந்தது; அவன் மீசை போயிற்று, கண்கள் போயின, கடைசியில் தட்டுகிற கை மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. வெர்லீன் மடியிலிருந்து ஒரு கையை எடுத்தாள். கதவின் பக்கமா, குமிழின் பக்கமா என்று அவளுக்கே இன்னும் தெரியவில்லை.