அசையாமல் நின்ற பாதி

ஏரியூரில் குள்ளம்மாள் காய்ச்சலில் இறந்தபோது அவள் தங்கை சின்னம்மாள் அழவில்லை. தாயில்லாத தன்னை இடுப்பில் சுமந்து வளர்த்த அக்காள்தான். ஆனாலும் துக்கத்துக்கு வந்த சனத்துக்குச் சோறாக்குவதும், அக்காள் பெற்ற பிள்ளைகளைத் தேற்றுவதுமாக ஓடிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் நஞ்சப்பனுக்கு அதில் பெருமைதான். ஐம்பது வயசிலும் கம்பைநல்லூரில் கடலைக்காட்டு வேலையை ஒற்றை ஆளாக இழுத்துப் போட்டுச் செய்கிறவள், எதையும் தாங்குவாள் என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னான்.

சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு வந்த அன்று மத்தியானம், அக்காளின் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்தாள்.

"ஏங்க, மாருல பாறாங்கல்ல வெச்சாப்பல இருக்குதுங்க."

முகமெல்லாம் வேர்த்திருந்தது. வாடகைக் கார் பிடித்து தருமபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஈசிஜி எடுத்துப் பார்த்த டாக்டர், பெரிய மாரடைப்பு என்றார். மூச்சிரைப்பு கொஞ்சம் அடங்கியதும், பெங்களூரில் புது மெஷினெல்லாம் வந்திருக்கிறது, அங்கே காட்டுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். எண்பத்தாறாம் வருஷம் அது. நஞ்சப்பன் அவளை ரயிலில் படுக்க வைத்துக் கூட்டிப் போனான்.

அங்கே தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திப் பார்த்தார்கள். இருதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய்களில் எங்கேயும் அடைப்பில்லை. அடைப்பில்லாமல் மாரடைப்பு எப்படி என்று அங்கிருந்த பெண் டாக்டர் குழம்பினார். அடுத்த நாள் சின்னம்மாளை ஓர் இருட்டறையில் ஒருக்களித்துப் படுக்க வைத்தார். அவள் மார்பில் ஒரு கருவியை அழுத்திக்கொண்டு நஞ்சப்பனையும் உள்ளே கூப்பிட்டார்.

சின்னத் திரையில் புகை மாதிரி ஏதோ துடித்தது. அது தன் பெண்டாட்டியின் நெஞ்சு என்று புரிந்ததும் அவன் கால்கள் தாமாகச் செருப்பைக் கழற்றின.

"நோடி, மேல் பாதிதான் அடிக்குது. கீழ்ப்பாதி உப்பிப்போய் அசையாம நிக்குது பாருங்க" என்றார் டாக்டர், கன்னடம் கலந்த தமிழில். "இந்த மாதிரி நான் பாத்ததே இல்ல. வீட்டில ஏதாவது நடந்ததா?"

"அவங்க அக்கா செத்துட்டாங்கம்மா."

"அழுதாங்களா?"

"இல்லீங்க."

டாக்டர் மறுபடி திரைப் பக்கம் திரும்பினார். "இதுக்குப் பேர் எனக்குத் தெரியாது. ஆனா மனசு படற பாடு உடம்புக்குள்ளயும் இறங்குது. இருதயத்தையும் விடறதில்ல."

நஞ்சப்பன் திரைக்கு இன்னும் கிட்டே குனிந்தான். துக்கம் என்றால் கண்ணில் தண்ணீர், வாயில் ஒப்பாரி என்றே நினைத்திருந்தான். அதற்கு இப்படி ஓர் உருவம் உண்டா? தான் பெருமை பேசிய அந்தத் தைரியத்துக்குள் இதுவா இருந்தது?

அன்று சாயங்காலம் வார்டில் அவள் கட்டிலருகே உட்கார்ந்தான்.

"உங்கக்காளப் பத்திச் சொல்லு புள்ள."

"உங்களுக்குத் தெரியாததா?"

"நீ சொல்லி நான் கேட்டதில்லயே."

முதலில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பிறகு, களிச்சட்டியின் அடியில் முறுகி ஒட்டிய தீயலைச் சுரண்டி அக்காள் தனக்கு மட்டும் ஒளித்து வைப்பதைச் சொன்னாள். தன் கல்யாணத்தன்று அக்காள் மாட்டுக்கொட்டாயில் போய் நின்று அழுததைச் சொல்லும்போது குரல் உடைந்தது. வாய்விட்டு அழுதாள். நஞ்சப்பன் பதறிப்போய் நர்ஸ் சகாயமேரியை இழுத்து வந்தான். சேலத்துப் பெண் அவள். நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அழட்டும் விடுங்க. நானும் கூட இருக்கேன்" என்று அங்கேயே நின்றுகொண்டாள்.

மாத்திரைகளோடு ஊர் திரும்பினார்கள். ஒரு மாதம் போனது. மறுபடி பெங்களூர், மறுபடி அதே இருட்டறை.

திரையில் இப்போது நெஞ்சு முழுசாக அசைந்தது. மேலிருந்து நுனிவரை, ஒரு கை மூடித் திறப்பதுபோல. டாக்டர் போன மாதப் படத்தைக் கொண்டுவரச் சொல்லி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். வெளியே போய் இன்னொரு டாக்டரையும் கூட்டி வந்தார்.

"மருந்துல ஆச்சாம்மா?" என்று நஞ்சப்பன் கேட்டான்.

"மருந்தா, மனசு ஆறினதா, தானாவே சரியாச்சா, எனக்குச் சொல்லத் தெரியல" என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இன்னும் கொஞ்ச நேரம் பாக்கட்டுங்களா?" என்றான் நஞ்சப்பன்.

டாக்டர் கருவியை எடுக்கவில்லை. மூன்று பேரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

"போதும் வாங்க, ரயிலு போயிரும்" என்றாள் சின்னம்மாள், படுத்தபடியே.