எதிர்வீட்டுக்கு வந்த சோபா

சின்னவள் வீட்டில் வெந்நீர் ஹீட்டர் வெடித்தபோது முதலில் ஓடினவள் மூத்தவள்தான். வாளியும் துணியுமாக ஒரு பகல் முழுக்க முட்டிபோட்டுத் தண்ணீர் இறைத்தாள். அன்றைக்கு அவளுக்கு நிஜமாகவே பாவமாகத்தான் இருந்தது. பத்து நாள் கழித்து சின்னவள் வாசலில் ஒரு புது சோபா வந்து இறங்கியதும் அந்தப் பாவம் போன இடம் தெரியவில்லை.

அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்ட ஓர்ப்படிகள் அவர்கள். ஒரே கட்டடத்தில், தரைத்தளத்தில், எதிரெதிர் வாடகை வீடுகள். அண்ணனும் தம்பியும் எதையும் சேர்ந்தே செய்வார்கள். வீட்டுச் சாமான்களுக்கு இன்சூரன்ஸ் எடுத்ததும் ஒரே நாளில், ஒரே பேனாவில். அப்படியிருக்க, யோகம் மட்டும் அந்தப் பக்கமே அடித்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? சோபாவைத் தொடர்ந்து கம்பளம் வந்தது, கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி வந்தது.

"எல்லாம் இன்சூரன்ஸ்லயா?" என்று மூத்தவள் கேட்டாள்.

"பின்ன எப்படிக்கா?" என்று சிரித்தாள் சின்னவள்.

மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. ஆறு வருஷமாகக் குத்தாத ஸ்பிரிங் அவள் வீட்டு சோபாவில் இப்போது குத்த ஆரம்பித்தது.

அந்தச் சமயம் பார்த்து, குளியலறைக்குப் பக்கத்தில் பலகை அடித்த சின்ன அறைக்குள் ஆளுயரத் தொட்டியாக நிற்கும் அவள் வீட்டு ஹீட்டரின் அடியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. வேறு யாராக இருந்தாலும் வீட்டுக்காரருக்குப் போன் போட்டிருப்பார்கள். மூத்தவள் கதவைச் சாத்தினாள். புருஷனிடம்கூட மூச்சு விடவில்லை. தினமும் திறந்து பார்ப்பாள், ஈரத்தைத் துடைப்பாள், சாத்துவாள். நல்ல துணிமணியை மேல்தட்டுக்கு ஏற்றினாள். பழைய சோபாவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஹீட்டர் பக்கம் நகர்த்தினாள்.

"இது ஏன் வழியில நிக்குது?" என்றான் புருஷன்.

"அங்க காத்து வரல" என்றாள்.

ஐந்தாவது வாரம் ஒரு மத்தியானம், அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில், தொட்டியின் அடிப்பாகம் பிய்த்துக்கொண்டது. சோபா நனையும் என்பது அவள் போட்ட திட்டம். தண்ணீர் அதோடு நிற்காமல் படுக்கையறைக்குள் புகுந்து மெத்தையை ஊறவைத்தது. தரையில் இருந்த தையல் மெஷின் மோட்டாரையும் மூழ்கடித்தது. நாலு பேருக்குத் தைத்துக் கொடுத்துத்தான் அவள் கையில் காசு புரண்டுகொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து இன்சூரன்ஸ் ஆய்வாளர் வந்தார்.

"எப்பம்மா ஒழுக ஆரம்பிச்சது?"

"முந்தாநாள்தாங்க. திடீர்னு வெடிச்சிடுச்சு."

அவர் ஹீட்டருக்கு அடியில் இருந்த பலகையைப் பெயர்த்துத் திருப்பினார். உப்பிப்போய், கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருந்தது.

"இது ரெண்டு நாள் வேலை இல்லம்மா, ஒரு மாசத்து ஈரம். திடீர்னு வெடிச்சா கம்பெனி கொடுக்கும். சொட்டுறது தெரிஞ்சும் சும்மா விட்டிருந்தா கொடுக்காது." எழுதிக்கொண்டு போய்விட்டார்.

வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சின்னவள் மேல் மூத்தவள் பாய்ந்தாள். "உனக்கு மட்டும் எப்படிடி கொடுத்தாங்க?"

சின்னவள் முகம் சிறுத்துப்போனது. "எனக்கும் கொடுக்கலக்கா. ஹீட்டர் வால்வை மாத்தணும்னு வீட்டுக்காரர் ஆள் அனுப்பினப்ப, அப்புறம் வாங்கன்னு ரெண்டு தடவை திருப்பி விட்டுட்டேன். அதைக் கண்டுபிடிச்சிட்டாங்க."

"அப்ப அந்த சோபா?"

"தவணை. கம்பளம், அலமாரி எல்லாமே தவணை. வீடு வெறிச்சுன்னு கிடந்தா நீங்க உள்ளுக்குள்ள சிரிப்பீங்கன்னு தோணுச்சு. இன்னும் ரெண்டு வருஷம் கட்டணும்."

மெத்தை போச்சு, மெஷின் போச்சு, யாரும் எதுவும் தரப்போவதில்லை. அதெல்லாம் மூத்தவளுக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனாலும் ஈரத் தரையில் நின்றபடியே அவளுக்கு மனசு குளிர்ந்துபோனது. வெட்கக்கேடுதான், இருந்தாலும் உண்மை அதுதான்.

"எவ்வளவு நாள் கட்டணும்னு சொன்ன?" என்றாள், இன்னொரு தடவை காது குளிரக் கேட்பதற்காக.