பின்னிருக்கைக்கு அடியில்

"டிக்கில இருக்கறதெல்லாம் எடுத்துடுங்க ஆர்லீன். பின்சீட்டுலேருந்தும்தான். இவ்வளவு பாரத்தோட வண்டிய மேல தூக்க முடியாது" என்றார் பட்டறைக்காரர் யுர்கோ.

ஆர்லீன் இதை எதிர்பார்த்திருக்கவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு வேலைக்கு நடந்துவிடலாம், சாயங்காலம் வந்து வண்டியை எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் பிப்ரவரியின் அந்தக் கடைசி வியாழக்கிழமை காலையில் வந்திருந்தாள். முன்கண்ணாடியின் கீழ் மூலையில் ஒட்டியிருந்த வருடாந்திர வண்டிச் சோதனை ஸ்டிக்கர் சனிக்கிழமையோடு காலாவதி ஆகிறது. இரண்டு வாரங்களுக்கு முன்பு, பெரிய கடையின் வண்டி நிறுத்துமிடத்தில், ஒரு போலீஸ்காரர் கண்ணாடியைத் தட்டி அதைக் காட்டினார். "தேதி முடிஞ்ச வண்டி இங்க நின்னா இழுத்துட்டுப் போயிடுவாங்கம்மா. சொல்லிட்டேன்." கடுமையாகச் சொல்லவில்லை. வேறெதுவும் கேட்கவுமில்லை. அவர் கேட்காமல் போனதுதான் ஆர்லீனுக்குப் பயமாக இருந்தது. அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அவள் சாமான்களை இறக்க ஆரம்பித்தாள். பார்க்கிறவர்களுக்குக் கடைக்குப் போய் வந்த மூட்டைகள் போலத் தெரியும்படிதான் எல்லாவற்றையும் கட்டி வைத்திருந்தாள். போர்வைகள் கறுப்புப் பைகளில். முதியோர் இல்லத்துச் சலவை நிலையத்தில் வேலைக்குப் போடும் நீல உடுப்புகள் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு மின்கெட்டில், இரண்டு கிண்ணங்கள், மாத்திரை டப்பா, பனிக்காலச் செருப்பு, வண்டியின் ஜன்னல் கண்ணாடிகளுக்குக் கிளிப் போட்டு மாட்டும் துணிகள். ஒவ்வொன்றாகப் பழைய டயர்கள் அடுக்கியிருந்த மூலைக்குக் கொண்டுபோய் வைத்தாள். யுர்கோ உதவிக்கு வரவில்லை. மேஜையில் ஏதோ காகிதத்தைத் தேடுகிறவர் போல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கடைசியாக, காபிக் கோப்பை வைக்கும் குழியிலிருந்து பல் துலக்கும் பிரஷை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டபோதுதான் அவர் திரும்பினார்.

"வீடு மாத்தறேன்" என்றாள்.

"ம்" என்றார்.

வண்டியின் பதிவு அட்டையை வாங்கி, படிவத்தில் விலாசத்தை எழுதினார். மேப்பிள் தெரு, நாற்பத்தொன்று. பேனா ஒரு கணம் நின்றது. அந்த நாற்பத்தொன்றாம் எண் கட்டடத்தைப் போன ஆகஸ்டில் இடித்தபோது ஊரில் பாதிப்பேர் வேடிக்கை பார்த்தார்கள். யுர்கோவும் பார்த்திருப்பார்.

"இதே அட்ரஸ்தானே?"

"இதேதான்."

அவர் எழுதி முடித்தார்.

அந்த வண்டிக்கு இருபத்தொரு வயது. நீளமான நீல வேகன் கார். அவள் புருஷன் உயிரோடு இருந்த காலத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் எண்ணெய் மாற்றுவான். அவனுக்குப் பிறகும் அவள் ஓரளவு கவனித்துத்தான் வந்தாள். ஜூலையில் வீடு போன பிறகுதான் அடியோடு விட்டுவிட்டாள். கையில் பணம் இல்லை என்பது ஒரு காரணம். வருமான வரியில் திரும்ப வரும் தொகை பிப்ரவரியில்தான் கிடைக்கும். ஆனால் அது மட்டுமல்ல. வண்டியை ஒரு நாள் பட்டறையில் விட்டால் அந்த ஒரு நாள் தான் எங்கே இருப்பது என்ற கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை. எச்சரிக்கை விளக்கு எரிந்தபோது அதன்மேல் ஒரு துண்டு கறுப்பு டேப்பை ஒட்டினாள். கீழேயிருந்து கரகரவென்று சத்தம் வந்தபோது ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள். ஹார்ன் அடிக்காமல் போனபோது, தனக்கு யாரைப் பார்த்து அடிக்க வேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

பத்து மணிக்கு யுர்கோ சலவை நிலையத்துக்குப் போன் செய்தார். இன்றைக்கு முடியாது, பிரேக் குழாய் இரண்டும் துருப்பிடித்துப் போயிருக்கின்றன, இன்னும் பார்க்க வேண்டியது இருக்கிறது என்றார். முதியோர் இல்லத்தின் அந்த நிலவறையில் எட்டு உலர்த்தும் எந்திரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. ஆர்லீன் ரிசீவரை வைத்துவிட்டுப் படுக்கை விரிப்புகளை மடித்தாள். மூலையோடு மூலை சேர்த்து, நாலாக, எட்டாக. பிறகு மேலே போய், இரவு ஷிப்டுக்கு ஆள் குறைகிறது என்கிறீர்களே, நானே பார்க்கிறேன் என்றாள். மேற்பார்வையாளர் அவளைக் கட்டிப்பிடிக்காத குறை.

மறுநாள் காலையில் ஒன்று அவளுக்கு விசித்திரமாகத் தோன்றியது. இரவெல்லாம் எந்திரங்களுக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, விட்டு விட்டு ஒரு மணிநேரம்தான் கண் அயர்ந்திருப்பாள். ஆனாலும் தலைவலி இல்லை. டிசம்பரிலிருந்து ஒருநாள் தவறாமல், எழுந்ததும் நெற்றியை இரண்டு பக்கமும் பிடித்து அழுத்துவது போல ஒரு வலி வரும். மத்தியானம்வரை வாய்க்குள் கசக்கும். ரத்த அழுத்தம் என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாள். சூட்டில் இருந்ததால் இன்றைக்கு விட்டிருக்கிறது என்று எண்ணிக்கொண்டாள்.

தவக்காலத்தின் வெள்ளிக்கிழமை. மாதா கோயில் கூடத்தில் பிரோகி என்கிற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு தட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, அழுக்குப் பனியை மிதித்துக்கொண்டு பட்டறைக்கு நடந்தாள். வண்டி ஆளுயரத்துக்கு மேலே தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. சக்கரங்கள் இல்லை.

"இங்க வாங்க. ஒண்ணு காட்டணும்" என்று யுர்கோ அவளை வண்டிக்குக் கீழே கூப்பிட்டார்.

அவள் குனிந்து போனாள். கை விளக்கின் வெளிச்சத்தில் வண்டியின் அடிவயிறு முழுக்கப் பழுப்பாகத் தெரிந்தது. ஒவ்வொரு குளிர்காலமும் சாலையில் தூவிய உப்பு தின்றது போக மிச்சம். யுர்கோ சைலன்சருக்குப் போகும் குழாயை விரலால் தட்டினார். துரு பொலபொலவென்று உதிர்ந்தது. அதில் ஒரு வெடிப்பு, கட்டைவிரல் நுழையும் அளவுக்கு. அதற்கு நேர் மேலே, தரைத் தகட்டில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஓர் ஓட்டை. ஓட்டைக்குள் நரைத்த நூல்கள் தொங்கின. முதலில் அது என்னவென்று அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. பின்னிருக்கையைச் சாய்த்து அவள் விரித்திருந்த கம்பளத்தின் அடிப்பக்கம். எட்டு மாதமாகத் தான் படுத்த படுக்கையை அவள் கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எஞ்சினை ஓடவிட்டுட்டு வண்டிக்குள்ள உக்காருவீங்களா?"

"குளிருக்கு. கொஞ்ச நேரம்."

"ஜன்னல மூடிட்டு?"

"பின்ன, குளிருக்குத் தொறந்தா வைப்பாங்க?"

யுர்கோ சிரிக்கவில்லை. "தலைவலி வந்துதா?"

ஆர்லீன் கையை நெற்றிக்குக் கொண்டுபோனாள். விளக்கின் சூடு கன்னத்தில் அடித்தது.

"இந்தப் புகைல இருக்கற விஷவாயுவுக்கு வாசனை கிடையாது, ஆர்லீன். தூங்கறவங்கள எழுப்பாது. காத்தடிச்ச நாளெல்லாம் பொழச்சீங்க. காத்தில்லாத ஒரு ராத்திரி கொஞ்சம் கூடுதலா ஓடவிட்டிருந்தீங்கன்னா..." அவர் அதை முடிக்காமல் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"சோதனைல தேறுமா?"

"தேறும். தகடு வச்சு வெல்ட் அடிக்கறேன். குழாய்ங்க புதுசு போடறேன். நாளைக்கு மத்தியானம் ஸ்டிக்கர் ஒட்டிடலாம். நான் கேக்கறது வண்டியப் பத்தி இல்ல."

"நான் வண்டியப் பத்தித்தான் கேக்கறேன்" என்றாள்.

வெளியே வந்து டயர் மூலையில் தன் பைகளின் பக்கத்தில் நின்றாள். சாவைப் பற்றி அவளுக்குப் பெரிய பயம் இருந்ததில்லை. புருஷனை அனுப்பி வைத்த ஆஸ்பத்திரி அறையிலேயே அதையெல்லாம் பார்த்துத் தீர்த்துவிட்டாள். அவள் கண்முன் வந்தது வேறு. அந்தப் போலீஸ்காரர் மறுபடி வந்து கண்ணாடியைத் தட்டியிருப்பார். தட்டித் தட்டிப் பார்த்திருப்பார். பிறகு அவள் கைபேசியில் முதல் பேரை அழுத்தியிருப்பார். அது கோலெட்டின் பேர். அவள் மகள். கடையின் வண்டி நிறுத்துமிடம், மூன்றாவது வரிசை, விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் என்று அம்மாவின் விலாசத்தை அவள் அந்த ஆள் வாயால் கேட்டிருப்பாள்.

போனை எடுத்தாள்.

"அம்மா! நல்லவேளை நீயே கூப்பிட்ட. ஞாயித்துக்கெழமை வர்றல்ல?" கோலெட்டின் குரலுக்குப் பின்னால் குழந்தைகள் எதற்கோ சண்டை போட்டன. அவள் மாமனாரின் பிராணவாயு எந்திரம் மூச்சு விட்டு மூச்சு வாங்கியது.

"வண்டி பட்டறைல இருக்கு."

"சரி, நானே வந்து கூட்டிட்டு வரேன். இப்பவாச்சும் அட்ரஸ் சொல்லு. உன் வீட்டு ஓனர் டூலி கிட்ட நான் பேசிக்கறேன். பொண்ணு வாசல் வரைக்கும் வரக்கூடாதுன்னு எந்த ஊர்ச் சட்டம்?"

"யுர்கோ பட்டறைக்கு வா. நாளைக்குக் காலைல."

"பட்டறைக்கு எதுக்கு? வீட்டுக்கே வரேனே."

"வீடு பட்டறைலதான் நிக்குது, கோலெட்."

எந்திரம் மூச்சு வாங்கியது. மூச்சு விட்டது. குழந்தைகளின் சத்தம் தூரப் போயிற்று. கோலெட் கதவைச் சாத்திக்கொண்டு வேறெங்கோ வந்துவிட்டாள் போலிருந்தது.

"எவ்வளவு நாளா?"

"ஜூலைலேருந்து."

"நான் இப்பவே கெளம்பி வரேன்."

"வேண்டாம். எனக்கு ஷிப்ட் இருக்கு. நாளைக்கு வா" என்று சொல்லி ஆர்லீன் போனை அணைத்தாள். மகள் அழுவதைக் கேட்க அவளால் முடியாது. அழாமல் இருப்பதைக் கேட்கவும் முடியாது.

சனிக்கிழமை ஆர்லீன் வந்தபோது கோலெட் முன்பே வந்திருந்தாள். டயர் மூலையில், பைகளுக்கு முன்னால், கோட்டுப் பைகளுக்குள் கைகளைத் திணித்துக்கொண்டு நின்றாள். உயரமான பெண், அப்பனின் உடம்பு. எதையும் தொட்டிருக்கவில்லை. வண்டி தரையில் இறங்கி நின்றது. யுர்கோ எஞ்சினுக்குள் தலையை நுழைத்துக்கொண்டார்.

"ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் கேக் வாங்கிட்டு வந்தியேம்மா" என்றாள் கோலெட். மெதுவாகத்தான் சொன்னாள். "வீட்டுல வெந்நி சரியா வரலன்னு எங்க வீட்டுல குளிச்சுட்டுப் போவியே. இல்லாத அந்த டூலிய நான் எவ்வளவு திட்டியிருக்கேன். திட்டினதுக்கு மனசு கேக்காம கிறிஸ்மஸுக்கு அந்த ஆளுக்கு ஒரு டின் பிஸ்கெட் வேற குடுத்து விட்டேனே!"

"நல்லா இருந்துது" என்றாள் ஆர்லீன்.

கோலெட்டின் வாய் ஒரு கணம் சிரிப்பதற்குக் கோணியது. சிரிப்பு வரவில்லை. "ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்ப? உன் மாமனார் சோஃபாவுல படுக்கறார். பொண்ணுங்க மூணும் ஒரே கட்டில்ல. என்னை எங்க போடுவ, குளிக்கற தொட்டிலயா?"

"போட்டிருப்பேன்."

"தெரியும். அதான் சொல்லல."

யுர்கோ தொண்டையைக் கனைத்தார். "யாராவது பின்னாடி நின்னு பிரேக் லைட்டப் பாத்துச் சொல்லணும்" என்றார். கோலெட் போய் நின்றாள். அவர் உள்ளே உட்கார்ந்து மிதித்தார்.

"எரியுதா?"

"எரியுது."

"ரெண்டும்?"

"ரெண்டும்."

இடது விளக்கு, வலது விளக்கு, பின்னோக்கிப் போகும்போது எரியும் விளக்கு. ஒவ்வொன்றுக்கும் கோலெட் பதில் சொன்னாள். ஹார்னை அடித்தபோது பட்டறையே அதிர்ந்தது. பிறகு அவர் பிளேடால் பழைய ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்து, கண்ணாடியைத் துடைத்து, புதியதை ஒட்டி, கட்டைவிரலால் நாலு மூலையும் அழுத்தினார். இன்னும் ஒரு வருஷத்துக்கு யாரும் இழுத்துக்கொண்டு போக முடியாது. அதற்குப் பிறகு மேஜையிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைப் பெட்டியை எடுத்து வந்து, உள்ளே முன்பலகையில் பசைநாடா போட்டு ஒட்டினார்.

"அந்த விஷவாயு வந்தா இது கத்தும். கத்தினா உடனே வெளிய வந்துடுங்க. காரணம் அப்புறம் தேடிக்கலாம்."

கோலெட் திரும்பினாள். "அப்ப எங்கம்மா இதுக்குள்ளயே படுக்கட்டும்கறீங்களா?"

யுர்கோவின் காதுகள் சிவந்தன. "அப்படிச் சொல்லலம்மா. நான் வண்டிக்காரன். வண்டிக்கு என்ன செய்ய முடியுமோ அதச் செஞ்சேன். வேற என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சா சொல்லு, செய்யறேன்."

கோலெட் வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். பைகளை எடுக்கப் போகிறாள், தன் வண்டியில் ஏற்றப் போகிறாள், அதைத் தடுக்க என்ன சொல்வது என்று ஆர்லீன் யோசித்துக்கொண்டிருந்தாள். தடுக்க வேண்டுமா என்றும் யோசித்தாள். ஆனால் கோலெட் பைகளிடம் போகவில்லை. பின்கதவைத் திறந்தாள். யுர்கோ புதுத் தகட்டின்மேல் கம்பளத்தைத் திரும்ப விரித்து வைத்திருந்தார். அவள் குனிந்து, முதலில் ஒரு முழங்காலை வைத்து, உள்ளே ஏறினாள். பக்கவாட்டில் படுத்தாள். கால் கொள்ளவில்லை, முழங்கால்களை மார்புவரை மடக்கினாள், பூட்ஸ்களை இழுத்துக்கொண்டாள், தலையைக் கதவோரத்துக்குத் தள்ளிக்கொண்டாள். பிறகு கையை நீட்டிக் கதவைத் தானே சாத்திக்கொண்டாள்.

"கோலெட்" என்றாள் ஆர்லீன். குரல் கண்ணாடிக்கு வெளியிலேயே நின்றுவிட்டது.

யுர்கோ கையிலிருந்த துணியை மடித்தார், விரித்தார். திறந்திருந்த பட்டறை வாசல் வழியாகக் குளிர் வந்தது. ஆர்லீன் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கதவின் கைப்பிடியில் கை வைத்தாள், இழுக்கவில்லை. உள்ளே மகளின் முகம் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, கண்களைத் திறந்தபடி இருந்தது. கண்ணாடியில் அந்த முகத்துக்கு நேராக ஒரு வெண்மை முளைத்தது. ஒரு காசளவு, பிறகு ஒரு கையளவு. மூச்சுக்கு மூச்சு அது அகன்றது. முதலில் வாய் மறைந்தது, பிறகு மூக்கு, பிறகு கண்கள்.