வழிச்சுட்டியா?

அப்பாவின் மூக்கில் மாட்டியிருந்த குழாயைக் கழற்றுவதற்கு முன் ஆக்சிஜன் இயந்திரத்தை நிறுத்திவிடலாம் என்று அவன் கதவோரச் சுவிட்ச் பலகையை நோக்கிக் கையை நீட்டினான். நிறுத்துவதற்கு ஒன்றுமில்லை. சுவிட்ச் ஏற்கெனவே அணைந்திருந்தது.

இன்னொரு கையில் அப்பாவுக்காக அம்மா கொடுத்தனுப்பிய டீ டம்ளர். அப்பாவை இரண்டு முறை கூப்பிட்டு, மார்பைத் தொட்டு, மூக்கருகே புறங்கையைக் காட்டி, முடிந்துவிட்டது என்று தெரிந்த பிறகும் அதைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. அறைக்குள் வந்தபோதே ஏதோ குறைகிறது என்று பட்டது. அது என்னவென்று இப்போதுதான் புரிந்தது. சத்தம்.

அந்த இயந்திரம் ஆக்சிஜனை உண்டாக்குவதில்லை, பிரித்தெடுக்கிறது. நாம் இழுக்கும் காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன். மீதி ஏறக்குறைய முழுவதும் நைட்ரஜன். இயந்திரத்துக்குள் இரண்டு உருளைகள், அவை நிறையக் கடுகு போன்ற மணிகள். காற்றை அழுத்தி ஓர் உருளைக்குள் செலுத்தினால் மணிகள் நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆக்சிஜனை மட்டும் வெளியே விடும். மணிகள் நிறைந்ததும் காற்று அடுத்த உருளைக்கு மாறும். முதல் உருளை, பிடித்து வைத்ததையெல்லாம் புஸ்ஸென்று துப்பிவிட்டு அடுத்த முறைக்குத் தயாராகும். அந்தப் புஸ்ஸும் அதற்கு முன்னால் வரும் டக்கும்தான் இந்த வீட்டின் கடிகாரச் சத்தமாக இருந்தது. மின்சாரம் போனால் கத்தி எழுப்பும் அலாரமும் அதில் உண்டு. அதற்குத் தனியாக ஒரு சின்ன பேட்டரி. வாடகைக்கு எடுத்த பழைய இயந்திரம் என்பதால் அது எப்போதோ செத்திருந்தது. “கத்தலன்னா நல்லதுடா. வீட்ல கத்தறதுக்குத்தான் உன் தங்கச்சி இருக்காளே” என்று அப்பா அப்போது சிரித்தார்.

தங்கையாக இருக்குமோ என்று அவனுக்கு ஒரு கணம் பட்டது. நேற்று மாலை மின்கட்டணச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கேட்டிருந்தாள்: “பகல்ல கொஞ்ச நேரம் நிறுத்தி நிறுத்திப் போட்டாத்தான் என்னண்ணா?” அப்பாவின் காதில் விழும்படிதான் கேட்டாள்.

அவன் பலகையை மறுபடி பார்த்தான்.

மூன்று சுவிட்சுகள் வரிசையாக இருந்தன. விளக்கு, மின்விசிறி, இயந்திரம். கட்டில் பக்கத்துப் பிளக்கில் பொறி பறந்ததால் இயந்திரத்தின் வயரை இந்தப் பலகைவரை இழுத்து வந்து மாட்டியிருந்தார்கள். மூன்றுமே அணைந்திருந்தன. இயந்திரத்தை நிறுத்த நினைத்து வந்தவர் ஒரு சுவிட்சைத்தான் தட்டியிருப்பார். புழுங்கும் அறையில் படுத்திருக்கும் நோயாளியின் மின்விசிறியை யாரும் யோசித்து அணைக்கமாட்டார்கள். அப்பாவோ சுவர் பிடித்தும் இரண்டடி நடக்க முடியாதவர். ஆகவே இது யாரும் நினைத்துச் செய்ததல்ல. பலகையை வழித்திருக்கிறார்கள்.

‘வழிக்கிறது’ என்பது அந்த வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் வார்த்தை. அறையை விட்டு வெளியே வரும்போது உள்ளங்கை ஓரத்தைப் பலகையின் ஒரு முனையில் வைத்து மறுமுனைவரை ஒரே இழுப்பாக இழுத்துவிட வேண்டும், பாத்திரத்தில் ஒட்டியிருப்பதை வழிப்பதுபோல. எது எரிகிறது, எது ஓடுகிறது என்று பார்க்கவே வேண்டாம். “வழிச்சுட்டியா?” என்று அப்பா கூடத்திலிருந்து கேட்பார். சலவை நிலையத்தில் கொதிகலன் பார்த்து ஓய்வு பெற்றவர். நீராவி வீணாவது பொறுக்காமல் வளர்ந்த குணம். தெருவில் அவருக்கு ‘மீட்டர்’ என்று பெயர்.

அந்தக் குணத்துக்குக் காரணமும் இருந்தது. மின்கட்டணம் படிக்கட்டு போன்றது. கீழ்ப்படியில் நிற்பவருக்கு ஒரு யூனிட் ஒரு விலை. மேலே ஏற ஏற அதே யூனிட்டுக்கு விலை கூடும். வழித்து வழித்தே இந்தக் குடும்பம் பல வருடங்கள் இரண்டாம் படியில் நின்றது. பிறகு இயந்திரம் வந்தது. ஐந்து மின்விசிறி தின்பதை அது ஒன்றே இராப்பகலாகத் தின்றது. ஒரே பில்லில் உச்சிப்படிக்குத் தூக்கிவிட்டது. பிரிட்ஜை நிறுத்தி, துணி அடுக்கும் பீரோவாக்கினார்கள். துணிகளை இஸ்திரி போடாமல் பாய்க்கடியில் மடித்து வைத்தார்கள். “இந்த வீட்ல நான் மூச்சு விடறதுக்கும் யூனிட் ஓடுது” என்று அப்பா சொல்லும்போது சிரிப்பதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியாது.

வழிக்கும் கை மூன்றாவது சுவிட்சையும் வழித்துவிடக் கூடாதே என்றுதான் அவன் அதன்மேல் தடிமனாக ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தான். அது கண்ணுக்கான எச்சரிக்கையல்ல, விரலுக்கானது. இழுத்துக்கொண்டே வரும் கை சொரசொரப்பு தட்டியதும் நின்றுவிடும். நன்றாகவே வேலை செய்தது. மின்விசிறி நின்றால் அப்பா கூப்பிடுவார், மறுபடி போட்டுவிடலாம்.

பிளாஸ்திரி இப்போது கதவடியில் கிடந்தது. பசை காய்ந்து, உதிர்ந்த இலைபோலச் சுருண்டிருந்தது.

அந்த அறையில் அப்பாவோடு படுப்பது அம்மா மட்டும்தான். விடியும்போது எழுந்து, பாதித் தூக்கத்தில், டீ போட வெளியே வந்தவள். அப்போது ஜன்னலுக்கு நேர் கீழே கட்டடத்தின் தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்திருக்கும். அந்த இரைச்சலில் பக்கத்தில் ஆள் கத்தினாலும் கேட்காது. புஸ் நின்றது எங்கே கேட்கப்போகிறது.

அவன் லிஃப்ட் மெக்கானிக். மின்சாரம் போனால் லிஃப்ட் கீழே விழுந்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு அவன் அலுக்காமல் விளக்குவான்: லிஃப்டின் பிரேக் மின்சாரத்தால் பிடிப்பதில்லை, மின்சாரத்தால்தான் விடுகிறது, கரண்ட் போன கணமே ஸ்பிரிங் கவ்விக்கொள்ளும், பெட்டி நின்ற இடத்தில் நிற்கும், உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது. யாரோ ஒருவர், மனிதனின் கை தவறும் என்று முன்கூட்டியே நினைத்துச் செய்த ஏற்பாடு. இந்த வீட்டில் அந்த ஏற்பாடாக இருந்தது ஒரு துண்டு பிளாஸ்திரி.

சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அவன் குனிந்து பிளாஸ்திரியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். மின்விசிறியைப் போட்டான். விளக்கைப் போட்டான். மூன்றாவது சுவிட்சின் மேல் விரல் நின்றது. போட்டால் இயந்திரம் முதலில் நீளமாக ஒரு பீப் அடித்துவிட்டுத்தான் ஓடத் தொடங்கும். அந்த பீப் சமையலறைவரை கேட்கும். நின்றிருந்ததால்தானே மறுபடி தொடங்குகிறது.

விரலை எடுத்துக்கொண்டான்.

“அம்மா” என்றான். இரண்டாவது முறை கூப்பிடவேண்டியிருக்கவில்லை. அவன் குரலிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கரண்டியோடு ஓடி வந்தாள்.

அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து அப்பாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. சற்று நேரம் கழித்து தலையைத் திருப்பி இயந்திரத்தைப் பார்த்தாள்.

“நான்தான் நிறுத்தினேன்மா” என்றான். அவள் கேட்கும் முன்பே சொன்னது தவறோ என்று உடனே பட்டது.

குளித்த ஈரத்தோடு தங்கை வாசலில் நின்றிருந்தாள். அவள் கண் அப்பாவிடமிருந்து இயந்திரத்துக்கும் அங்கிருந்து அவனுக்கும் போயிற்று.

“எங்ககிட்ட சொல்றதுக்கு முன்னாடியே நிறுத்திட்டியா?”

“இனிமே எதுக்குன்னு…”

“அவ்வளவு அவசரமா? அரை யூனிட் மிச்சமாச்சா?” குரல் உடைந்தது. “நேத்து நான் ஒரு வார்த்தை சொன்னதுக்கு ‘உனக்கு மனசாட்சி இருக்கா’ன்னு கேட்டியே. இப்ப யாருண்ணா மீட்டர்?”

அம்மா அப்பாவின் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

தெருமுனை கிளினிக் டாக்டர் செருப்பை வெளியே விட்டு வந்தார். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். நீலம் பாரித்திருந்த கைவிரல் நகங்களைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு இயந்திரத்தின் பக்கவாட்டில் புறங்கையை வைத்தார். ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் நின்று வெகுநேரம்வரை சூடு விடாது. இது எப்போதோ ஆறியிருக்கும் என்று அவன் அறிவான். அவருக்கும் தெரிந்திருக்குமோ என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மெஷின எப்ப நிறுத்தினீங்க?”

“மூச்சு இல்லன்னு பார்த்தப்புறம் சார்.”

“யாரு நிறுத்தினது?”

“நான்தான்.”

“அப்புறம்தானே? முன்னாடி இல்லையே?”

அறையில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. தங்கை அவனைக் கூர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் போய் வேறொன்று வந்திருந்தது. மூச்சு இருக்கும்போதே அவன் நிறுத்தியிருப்பான் என்று அவளே விடை போட்டுக்கொண்டுவிடுவாள், அது அவனுக்குத் தெரிந்தது. போட்டுக்கொள்ளட்டும் என்று நினைத்தான். இதை யாராவது ஒருவர் சுமந்துதான் ஆகவேண்டும்.

“அப்புறம்தான் சார்.”

டாக்டர் இயந்திரத்திலிருந்து கையை எடுத்தார். “எந்த நாளும் நடந்திருக்கலாம். மெஷின் ஓடியே இருந்தாலும் இன்னிக்கோ நாளைக்கோதான்” என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் பையை மூடினார்.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பெரியப்பா நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே, “எங்க வீட்டு வாசல்ல நின்னு மீட்டர்ல அந்தச் சிவப்புப் புள்ளி எவ்வளவு வேகமா மினுக்குதுன்னு பார்த்துட்டு, உள்ள எது ஓடுதுன்னு சொல்லுவான். ‘அண்ணி தண்ணி காய வெச்சுட்டாங்க’ம்பான். போய்ப் பார்த்தா சரியா இருக்கும்” என்றார். சிலர் சிரித்தார்கள். அது உண்மை. உள்ளே இழுக்கப்படும் மின்சாரத்துக்கு ஏற்ப அந்தப் புள்ளி கண் சிமிட்டும். இயந்திரம் வந்த பிறகு இங்கே அது படபடவென்று அடித்துக்கொண்டதைப் பார்க்கப் பிடிக்காமல் அப்பா மீட்டர் பெட்டியின் மேல் ஒரு துணியைத் தொங்கவிடச் சொல்லியிருந்தார்.

“மெஷின நீதான் நிறுத்தினியாமே” என்றார் பெரியப்பா, குரலைத் தணிக்காமல். “கொஞ்சம் பொறுத்திருக்கலாம்ல டேய். கையோட நிறுத்தினா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க.”

“சரி பெரியப்பா.”

“சரிங்கறான் பாரு. அப்படியே அப்பன்.”

தங்கை எழுந்து உள்ளே போனாள்.

அவன் தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனபோது அம்மா அங்கே தனியாக நின்றிருந்தாள். அடுப்பின் மேல் காலையில் போட்ட டீ ஆடை கட்டியிருந்தது.

“மோட்டார் நின்னப்ப உனக்கு மெஷின் சத்தம் கேட்டுச்சா?” என்றாள், அவனைப் பார்க்காமல்.

“கேட்டுச்சும்மா.”

“எனக்குக் கேக்கல.”

“நீ அடுப்பாண்ட நின்னே. பால் பொங்கற சத்தத்துல கேட்டிருக்காது.”

அவள் தலையாட்டினாள். வலது கையின் ஓரத்தை இடது கையால் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள், ஏதோ சுட்டுக்கொண்டதுபோல.

“பிளாஸ்திரி எங்கடா?”

“பிச்சுட்டேன். சுவிட்சை நிறுத்தறப்ப.”

“காலைல கைல தட்டுப்பட்ட மாதிரி இல்லியே.”

“இருந்துச்சும்மா. நல்லா ஒட்டிட்டு இருந்துச்சு. நகத்தால நெம்பித்தான் எடுத்தேன்.”

அம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். விழுந்து அடிபட்ட பிள்ளை வலிக்கவே இல்லை என்று சொல்லும்போது பார்ப்பாளே, அப்படி. பிறகு அவன் கையிலிருந்த செம்பை வாங்கிக் குழாயைத் திறந்தாள். “வந்தவங்களுக்குத் தண்ணி குடு, போ” என்றாள்.

அன்று பிற்பகலே அப்பாவை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் முடித்துவிட்டு வந்தார்கள்.

மறுநாள் காலை வாடகைக்கடைக்காரர் வந்து இயந்திரத்தை உருட்டிக்கொண்டு போனார். அது நின்றிருந்த இடத்தில் தரை சதுரமாக வெளுத்திருந்தது. தங்கை பிரிட்ஜிலிருந்த துணிகளை எடுத்து அடுக்கிவிட்டு, அதன் பிளக்கைச் செருகினாள். அது முனகி, நடுங்கி, ஓடத் தொடங்கியது. சிறிது நேரம் அதன் முன்னால் நின்றவள், மறுபடி பிடுங்கிவிட்டாள். அவனோடு அவள் பேசவில்லை.

மதியம். வெளியே வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. அவன் கூடத்தில் உட்கார்ந்து காலுறை மாட்டிக்கொண்டிருந்தான். வேலைக்கு வரமுடியுமா, ஒரு லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது என்று போன் வந்திருந்தது. அம்மா அந்த அறையிலிருந்து வெளியே வந்தாள். ஒரு காலி டம்ளரை இரண்டு கைகளாலும் சேர்த்துப் பிடித்திருந்தாள், விளிம்புவரை நிறைந்திருப்பதைப்போல. பலகையைக் கடக்கும்போது கைகளை மார்போடு இன்னும் ஒட்டிக்கொண்டு, உடம்பைச் சற்றுச் சாய்த்துத் தள்ளி நடந்தாள். அவளுக்குப் பின்னால், யாருமில்லாத அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“பட்டப்பகல்ல யாரு லைட்ட விட்டது?” தங்கையின் குரல் பின்கட்டிலிருந்து வந்தது. “வழிக்காம வந்தது யாரு?”

அம்மா நடுக்கூடத்தில் நின்றாள்.

“நான்தான்” என்றான் அவன். “இருக்கட்டும் விடு.”

அம்மா டம்ளரோடு சமையலறைக்குள் போனாள். அவன் எழுந்து வாசலுக்கு வந்தான். மீட்டர் பெட்டியின் மேல் தொங்கிய துணி ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. அதற்குள் சிவப்புப் புள்ளி ஒருமுறை மினுக்கியது. அது போதும்போல வெகுநேரம் சும்மா இருந்தது. பிறகு இன்னொருமுறை மினுக்கியது.